98 டாலர் 87 சென்ட்

2007 நவம்பர் 2, வெள்ளிக்கிழமை. காலை ஏழே முக்காலுக்கு நியூ ஜெர்சியில் ஒரு வால்மார்ட் வாசலில் கையைத் தேய்த்துக்கொண்டு நின்றிருந்தேன். பல் டாக்டரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஆபீசுக்கு மெயில் போட்டாயிற்று. எனக்கு முன்னால் பதினோரு பேர். ஒருவரும் பால், ரொட்டி வாங்க வந்தவர் இல்லை. எல்லோருக்கும் வேண்டியது ஒரே பெட்டி: தோஷிபா எச்டி-ஏ2 என்ற எச்டி டிவிடி பிளேயர். கோடையில் 300 டாலர் சொன்ன சாமான், அன்றைக்கு 98 டாலர் 87 சென்ட்.

எட்டேகாலுக்குப் பெட்டி என் கார் டிக்கியில் இருந்தது. எனக்குப் பின்னால் நின்றவர்களில் பாதிப் பேர் வெறுங்கையோடு போனார்கள். அந்த வார இறுதியில் மட்டும் 90,000 பிளேயர் விற்றதாக அப்புறம் செய்தி வந்தது. ஜெயிக்கிற பக்கம் நிற்கிறோம் என்று எனக்கு ஒரே பெருமை. அந்தப் பெருமை சரியாக 109 நாள் நிலைத்தது.

அப்போது நடந்த சண்டை இப்போதுள்ள பிள்ளைகளுக்குத் தெரிய வாய்ப்பில்லை. டிவிடிக்கு அடுத்து எந்த டிஸ்க் என்பதுதான் விவகாரம். ஒரு பக்கம் தோஷிபாவின் எச்டி டிவிடி, சிவப்பு உறை. இன்னொரு பக்கம் சோனி முன்னின்று நடத்திய புளூரே, நீல உறை. இரண்டையும் படிப்பது ஒரே 405 நானோமீட்டர் நீல ஊதா லேசர்தான். ஆனால் இதில் போட்டால் அது ஓடாது, அதில் போட்டால் இது ஓடாது. எச்டி டிவிடியில் ஒரு அடுக்குக்கு 15 ஜிபி, புளூரேயில் 25. எச்டி டிவிடியின் தகவல் அடுக்கு பழைய டிவிடியைப் போலவே 0.6 மில்லிமீட்டர் ஆழத்தில் இருந்ததால், டிவிடி அடிக்கிற தொழிற்சாலையைக் கொஞ்சம் மாற்றினால் போதும். புளூரேக்கு 0.1 மில்லிமீட்டர்தான். எந்திரமெல்லாம் புதிதாக வேண்டும்.

2006 ஏப்ரலில் தோஷிபாவின் முதல் பிளேயர் அமெரிக்கக் கடைக்கு வந்தபோது விலை 499 டாலர். இரண்டு மாதம் கழித்து வந்த சாம்சங்கின் முதல் புளூரே பிளேயர் 999. விலை இரட்டிப்பாக இருந்ததோடு, முதலில் வந்த புளூரே டிஸ்குகள் படத்தைச் சுருக்கும் பழைய எம்பெக்-2 முறையில் 25 ஜிபிக்குள் திணிக்கப்பட்டு வந்தன. படத்தில் மணல் தூவினது போல இருக்கிறது என்று விமர்சகர்கள் கிழித்தார்கள். அந்த விமர்சனங்களைப் படித்துத்தான் நான் சிவப்புக் கட்சியில் சேர்ந்தேன். சேர்ந்தபோது அது நியாயமான முடிவு. ஒரு வருடத்துக்குள் புளூரே அந்தக் குறைகளைச் சரி செய்துவிட்டது. நான் மட்டும் 2006 கோடையிலேயே நின்றுவிட்டேன்.

எங்கள் எதிர் அபார்ட்மென்டில் திருநெல்வேலிக்காரர் ஒருவர் குடும்பத்தோடு இருந்தார். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. நான் பெட்டியோடு படியேறிய அதே நாள் சாயங்காலம் அவரும் ஒரு பெட்டியோடு வந்தார். பிளேஸ்டேஷன் 3, சோனியின் விளையாட்டுப் பெட்டி, புளூரேயும் அதில் ஓடும். அதன் 40 ஜிபி மாடல் அமெரிக்காவில் 399 டாலருக்கு வெளியானதும் அதே நவம்பர் 2-தான். கூடவே ஸ்பைடர்மேன் 3 புளூரே டிஸ்க் ஒன்று இலவசம்.

"பய ரெண்டு மாசமா உசுர வாங்குதான் தம்பி. வெளாடவும் செய்யலாம், படமும் பாக்கலாம்னான். வாங்கிப் போட்டேன்."

"அண்ணாச்சி, படம் பார்க்கன்னா இது வேண்டாமே. எச்டி டிவிடி நூறு டாலருக்கு வந்தாச்சு" என்று ஆரம்பித்து, படிக்கட்டில் நின்றபடியே கால் மணி நேரம் பாடம் நடத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி தம்பி, சூடா ஒரு காபி குடிச்சிட்டுப் போறியளா?" என்றார்.

அந்தக் காலத்தில் என்னிடம் ஒரு எக்செல் கோப்பு இருந்தது. நீல்சன் வாராவாரம் டிஸ்க் விற்பனைக் கணக்கு எடுக்கும், ஹோம் மீடியா மேகசின் என்ற வணிக இதழ் அதை வெளியிடும். அதிலிருந்து நூற்றுக்கு எத்தனை புளூரே, எத்தனை எச்டி டிவிடி என்று நிரப்பி வரைபடம் போட்டு வைத்திருந்தேன். 2007-இல் பெரும்பாலான வாரங்களில் புளூரே இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் முன்னால் இருந்தது. கண்ணுக்கு நேராக இருக்கிறது. ஆனாலும் என்னால் அதைப் பார்க்காமல் இருக்க முடிந்தது, ஏனென்றால் செய்திகள் எனக்குச் சாக்கு சொல்லிக் கொடுத்தன.

அந்தச் சாக்குகளைப் பற்றிக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். நீலக் கட்சி டிஸ்க் விற்பனையைக் காட்டும். சிவப்புக் கட்சி தனி பிளேயர் விற்பனையைக் காட்டும். பிளேஸ்டேஷன் விளையாட்டுச் சாமான், அதை வாங்குகிறவன் படமா பார்க்கப் போகிறான், கணக்கில் சேர்க்காதே என்று சொல்லும். ஒருவர் அந்த வாரத்துக் கணக்கை எடுத்தால் இன்னொருவர் ஆரம்பம் முதல் மொத்தம் என்பார். 300 படம் வந்தபோது இரண்டு வகையிலும் சேர்த்து முதல் வாரத்தில் 2,50,000 டிஸ்க் என்று ஒரு அறிவிப்பு. டிரான்ஸ்ஃபார்மர்ஸ் எச்டி டிவிடியில் மட்டும் வந்தபோது முதல் வாரத்தில் 1,90,000 என்று இன்னொரு அறிவிப்பு. நிருபர்களுக்கும் வேலை சுலபம். இரண்டு அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, நடுவில் வீடியோ கேசட் காலத்தில் இதே போல மோதிக்கொண்ட பீட்டாமேக்ஸ், விஎச்எஸ் கதையை ஒரு பத்தி சேர்த்தால் கட்டுரை தயார். அந்த பீட்டாமேக்ஸ் பத்தியை நான் ஒரு நூறு முறையாவது படித்திருப்பேன்.

யாரும் அழுத்திச் சொல்லாத விஷயம், மொத்த எண்ணிக்கையே சின்னது என்பதுதான். ஒரு கடை ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று ஒரு வாரம் போட்டால் போதும், சதவீதம் பத்துப் பதினைந்து புள்ளி எகிறிவிடும். அதை மறுநாள் 'அலை திரும்புகிறது' என்று எழுதுவார்கள். நானும் எக்செல்லில் அந்தக் கட்டத்துக்கு மஞ்சள் வண்ணம் அடிப்பேன். இப்போது எந்த விற்பனைச் செய்தியைப் பார்த்தாலும், சதவீதத்தை விட்டுவிட்டு எத்தனை உருப்படி என்று தேடுகிறேன். அது இல்லையென்றால் மேற்கொண்டு படிப்பதில்லை.

2007 ஆகஸ்ட் 20 அன்று பாராமவுன்டும் டிரீம்வொர்க்ஸ் அனிமேஷனும் எச்டி டிவிடிக்கு மட்டும் என்று அறிவித்தன. அறிக்கையில் விலை, தரம் என்று எழுதியிருந்தார்கள். இதற்காக 15 கோடி டாலர் மதிப்புள்ள சலுகைகள் கைமாறியதாக நியூயார்க் டைம்ஸ் எழுதியது. நான் அறிக்கையை அச்செடுத்து வைத்தேன். பணம் பற்றிய வரியை, அதெல்லாம் வியாபாரத்தில் சகஜம் என்று தாண்டிப் போனேன். ஜெயிக்கிற கட்சி ஆள் பிடிக்க அவ்வளவு செலவு செய்யுமா என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம்.

சரி, கடைக்கு வருவோம். உண்மையில் சண்டை நடந்தது அங்கேதான்.

கடைக்காரருக்கு இரண்டு வகை சாமான் என்பது தலைவலி. ஒரே படத்துக்கு டிவிடி, எச்டி டிவிடி, புளூரே என்று மூன்று உறை. இடம் மூன்று மடங்கு. விற்காததைத் திருப்பி அனுப்பும் செலவு வேறு. அதனால் அவர்கள் சீக்கிரம் ஒன்றைத் தூக்கிப்போடத் துடித்துக்கொண்டிருந்தார்கள். 2007 ஜூனிலேயே, படங்களை வாடகைக்கு விடும் பிளாக்பஸ்டர், 250 கடைகளில் சோதனை செய்துவிட்டு, மேலும் 1,450 கடைகளில் புளூரே மட்டும்தான் வைப்போம் என்றது. வாடகைக்கு எடுத்ததில் பத்துக்கு ஏழு புளூரே. அடுத்த மாதம் டார்கெட் தன் கடைகளில் வரிசை முனையில், எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில், சோனியின் புளூரே பிளேயரை வைக்கப் போவதாகச் சொன்னது. இந்த இரண்டையும் நான் எக்செல்லில் ஏற்றவில்லை. அதற்கு அங்கே கட்டமே இல்லை.

எங்கள் ஊரில் நான் வாராவாரம் போகும் எலெக்ட்ரானிக்ஸ் கடை ஒன்று இருந்தது. பெயர் வேண்டாம். டிஸ்க் பகுதியில் ஐம்பது வயது தாண்டிய ஒருவர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு எப்போதும் லேபிள் ஒட்டிக்கொண்டே இருப்பார். டிசம்பர் நடுவில் ஒரு நாள் போனேன். அவர் முழங்கால் போட்டு உட்கார்ந்து, கையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு, சிவப்பு உறைகளை ஒவ்வொன்றாக எடுத்து அட்டைப்பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தார். அந்தத் தாளுக்குப் பிளானோகிராம் என்று பெயர். எந்தத் தட்டில் எந்தச் சாமான், எத்தனை அடி நீளம் என்று தலைமை அலுவலகம் வரைந்து அனுப்பும் படம். தாளைக் காட்டச் சொன்னேன். சிவப்புக்கு எட்டு அடி இருந்தது நாலாகியிருந்தது. நீலத்துக்குப் பன்னிரண்டு.

"கிறிஸ்துமஸ் சமயத்தில் குறைக்கிறீர்களா?" என்று கேட்டேன். விற்கிற சமயத்தில்தான் குறைப்பார்கள், விற்காத சமயத்தில் இடத்தை வீணாக்கினால் என்ன என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த லேபிளைக் கிழித்தார்.

அன்றைக்கு அந்தக் கடையில் நாலு எச்டி டிவிடி வாங்கிக்கொண்டு வந்தேன். இடம் குறைவதால் விலை குறைத்திருந்தார்கள், அதனால்.

2008 ஜனவரி 4, மறுபடியும் வெள்ளிக்கிழமை. இரண்டு வகையிலும் படம் விட்டுக்கொண்டிருந்த வார்னர் ஸ்டுடியோ, இனி புளூரே மட்டும் என்று அறிவித்தது. லாஸ் வேகாஸில் நடக்கும் சிஇஎஸ் என்ற மின்னணுச் சாமான் கண்காட்சிக்கு மூன்று நாள் இருக்கும்போது. எச்டி டிவிடி அணி அங்கே வைத்திருந்த செய்தியாளர் கூட்டத்தை ரத்து செய்தது.

அன்று இரவு என் மனைவி, "ஏங்க, அந்தப் பெட்டியத் திருப்பிக் குடுத்திட முடியாதா?" என்று கேட்டாள்.

முடியாது. ஏன் முடியாது என்பதை இங்கே விவரமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தத் தவறை இன்னும் பலர் செய்கிறார்கள். பிளேயரோடு ஐந்து படம் இலவசம். ஆனால் தபாலில் வரும். அதற்கு ரசீது நகலோடு, அட்டைப்பெட்டியில் அச்சடித்த பட்டைக்கோட்டை (பார்கோடு) வெட்டி அனுப்ப வேண்டும். வாங்கின மறுநாளே சமையலறைக் கத்தரிக்கோலால் வெட்டினேன். தடிமனான அட்டை, கத்தரிக்கோல் வளைந்துவிட்டது, அதற்கு ஒரு திட்டு. பட்டைக்கோடு போன பெட்டியைக் கடையில் திரும்ப எடுக்க மாட்டார்கள். அதாவது எழுபது எண்பது டாலர் மதிப்புள்ள படத்துக்காக, மனம் மாறும் உரிமையை நான் கத்தரித்துத் தபாலில் போட்டுவிட்டேன். ரிபேட் என்கிற இந்தத் தபால் சலுகைக்குக் கடைசித் தேதி என்று ஒன்று இருக்கும். திருப்பிக் கொடுக்கவும் ஒரு கடைசித் தேதி இருக்கும். இரண்டையும் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் எழுதி ஒட்டி, முடிந்தவரை தள்ளிப்போட்டு வெட்டுவதுதான் இப்போது எங்கள் வீட்டு வழக்கம்.

டிசம்பரில் வாங்கிப் பிரிக்காமல் வைத்திருந்த டிஸ்குகளையாவது ஜனவரி 31 வரை திருப்பியிருக்கலாம். அதையும் செய்யவில்லை. அதற்குக் காரணம் முழுக்க முழுக்க செய்திதான். ஜனவரி நடுவில் தோஷிபா விலையை மீண்டும் வெட்டியது. ஏ3 மாடல் 149 டாலர். 'இன்னும் முடியவில்லை' என்று கட்டுரைகள். பிப்ரவரி 3, அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் ஆட்டத்தின் நடுவே எச்டி டிவிடி விளம்பரம் வந்தது. முப்பது வினாடிக்கு 27 லட்சம் டாலர் என்று பேசிக்கொண்டார்கள். சாகிறவர்கள் இவ்வளவு செலவு செய்வார்களா என்று நான் கேட்டேன். ஆகஸ்டில் கேட்டிருக்க வேண்டிய கேள்வியைத் தலைகீழாக்கி பிப்ரவரியில் கேட்டேன்.

இதற்கு நடுவே, வார்னர் அறிவிப்புக்கு அடுத்த வாரம் விற்ற பிளேயர்களில் 93 சதவீதம் புளூரே என்று என்பிடி நிறுவனத்தின் கணக்கு வெளியானது. எல்லாப் பத்திரிகையும் அந்த எண்ணைத் தலைப்பில் போட்டது. ஒரு வாரத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள் என்று கணக்கெடுத்தவர்களே சொன்னார்கள். எனக்கு அந்த எச்சரிக்கை மட்டும் நன்றாகக் காதில் விழுந்தது.

அப்புறம் எல்லாம் பத்து நாளுக்குள். அப்போது தபாலில் டிஸ்க் வாடகைக்கு அனுப்பிக்கொண்டிருந்த நெட்ஃபிளிக்ஸ், பிப்ரவரி 11 அன்று இனி புளூரே மட்டும் வாங்குவோம் என்றது. அன்றைக்கே பெஸ்ட் பை என்ற எலெக்ட்ரானிக்ஸ் கடை நிறுவனம், வாடிக்கையாளர்களுக்கு புளூரேயைப் பரிந்துரைப்போம் என்றது. 15-ஆம் தேதி வால்மார்ட்டும் இனி புளூரே மட்டும் என்றது. 19-ஆம் தேதி டோக்கியோவில் தோஷிபா தலைவர் அட்சுடோஷி நிஷிதா, எச்டி டிவிடியை நிறுத்துகிறோம் என்று அறிவித்தார். தொழில்நுட்பம் பற்றிய வாதம் எதுவும் கடைசி வாரத்தில் இல்லை. அலமாரி கிடைக்காத சாமானை யார் வாங்குவார்கள்? எனக்கு லேபிள் ஒட்டுகிற மனிதரின் தாள் ஞாபகம் வந்தது. டிசம்பரிலேயே கையில் வாங்கிப் பார்த்தேனே!

பிப்ரவரி கடைசி வாரம் தபாலில் ஒரு பார்சல். ஐந்து இலவச எச்டி டிவிடிகள். வாழ்த்துக் கடிதத்தோடு.

நட்டம் பெரிதில்லை, உண்மையைச் சொன்னால். சிலர் 800 டாலர் கொடுத்து வாங்கியிருந்தார்கள். பெஸ்ட் பை தன்னிடம் எச்டி டிவிடி பிளேயர் வாங்கியவர்களுக்கு 50 டாலர் பரிசு அட்டை கொடுத்தது, அமேசானும் 50 டாலர் வரவு வைத்தது. நான் வாங்கியது வேறிடம், எனக்கு ஒன்றும் இல்லை. 2009-இல் வார்னர், பழைய எச்டி டிவிடிக்குப் பதில் அதே படத்தின் புளூரேயை ஒன்றுக்கு 4 டாலர் 95 சென்ட் வாங்கிக்கொண்டு கொடுத்தது. ஏழு படம் மாற்றிக்கொண்டேன். பிளேயர் வீணாகவில்லை. சாதாரண டிவிடியை அது பெரிய டிவிக்கு ஏற்ப உயர்த்திக் காட்டும் விதம் அபாரமாக இருந்தது. இந்தியக் கடைகள் நிறைந்த ஓக் ட்ரீ ரோட்டில் வாங்கிய ஐங்கரன் தமிழ்ப்பட டிவிடிகளை நாலைந்து வருடம் அதில்தான் பார்த்தோம். நூறு டாலருக்கு நல்ல டிவிடி பிளேயர் என்று மட்டும் நினைத்து வாங்கியிருந்தால் அந்த வருடத்தின் சிறந்த கொள்முதல் அதுதான்.

ஜெயித்த பக்கமும் நிம்மதியாக இல்லை. ஆரம்பத்தில் விற்ற பல புளூரே பிளேயர்களுக்கு இணைய வசதி கிடையாது. பின்னால் வந்த டிஸ்குகளின் கூடுதல் அம்சங்கள் அவற்றில் வேலை செய்யவில்லை. 999 டாலர் கொடுத்தவர்களும் அதில் சேர்த்தி. இந்தியாவுக்குச் சாமான் எடுத்துப்போகும் நம் ஆட்களுக்கு இன்னொரு சிக்கல். எச்டி டிவிடிக்கு மண்டலப் பூட்டு கிடையாது. புளூரேக்கு உண்டு, அமெரிக்கா ஏ, இந்தியா சி. கோயம்புத்தூரில் தம்பிக்கு ஆசையாக எடுத்துப்போன மூன்று டிஸ்கில் இரண்டு ஓடவில்லை. உறையின் பின்பக்கம் சின்னதாக அந்த எழுத்து இருக்கும், பார்த்து வாங்குங்கள்.

அந்தச் சண்டைக்குத் தீர்ப்பு எழுதிய கடைகளும் ஒவ்வொன்றாகப் போயின. பிளாக்பஸ்டர் 2010-இல் திவால். நெட்ஃபிளிக்ஸ் 2023 செப்டம்பரில் கடைசி டிஸ்க்கை அனுப்பியது. பெஸ்ட் பை 2024-இல் படம் விற்பதையே நிறுத்திவிட்டது.

போன வருடம் நிலவறையைச் சுத்தம் செய்தபோது சிவப்பு உறைப் பெட்டி கிடைத்தது. முப்பத்தெட்டு டிஸ்க். பிளேயர் தூசி தட்டினதும் ஓடியது. திறக்க வழக்கம்போல ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டது. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். பதினொன்று படிக்கவில்லை. பெரும்பாலும் ஒரே ஸ்டுடியோவின் டிஸ்குகள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஓரத்தில் லேசான மங்கல். டிஸ்க் சேர்த்து வைத்திருப்பவர்கள் வருடம் ஒரு முறையாவது போட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது. உறைக்குள் சும்மா இருந்தாலும் சில கெட்டுப்போகின்றன.

பழைய ஞாபகத்தில் அண்ணாச்சிக்கு போன் போட்டேன். டெக்சாஸ் போய்ப் பல வருடம் ஆகிறது. பையன் வேலைக்கே போய்விட்டான். படிக்கட்டில் நடந்த பாடத்தைச் சொல்லிச் சிரித்துவிட்டு, "அந்த ஸ்பைடர்மேன் டிஸ்க் இன்னும் ஓடுதா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"எது, பெட்டியோட சும்மா குடுத்தானே அதுவா? அத நாங்க பிரிக்கவே இல்லயே தம்பி. பய வெளாட மட்டுந்தான செஞ்சான்."